குப்பை லாரி வேஷமும் 25 டாலர் ஹாலோவீனும்

2023 ஹாலோவீனுக்கு அக்கா ஒதுக்கிய பட்ஜெட் 25 டாலர். நம் ஊர்க் கணக்கில் 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கேட்பதற்குத் தாராளமாகத்தான் தெரியும். ஆனால், அக்கா கடைக்குள் நின்றபடி வீடியோ காலில் விலைச்சீட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஐந்து வயதுப் பையனுக்கான ஸ்பைடர்மேன் டிரஸ் ஒன்று மட்டுமே 35 டாலர். வாசலில் நிறுத்தி வைக்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூடு அதைவிட அதிகம். அந்த வருடம் ஹாலோவீனுக்காக அமெரிக்கர்கள் மொத்தம் 1,220 கோடி டாலர் செலவழிப்பார்கள் என்று அங்குள்ள தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு கணித்திருந்தது. சராசரியாகத் தலைக்கு 108 டாலர். அக்கா வீட்டில் ஐந்து தலைகள்.

அக்கா இருந்தது நியூ ஜெர்சியில், ஒரு அபார்ட்மென்ட்டில். அத்தான், கிண்டர்கார்டன் போகும் பையன், இரண்டரை வயதுப் பாப்பா. ஆறு மாத விசிட்டர் விசாவில் அம்மாவும் ஜூலையிலேயே அங்கே போயிருந்தாள். நான் சென்னையில், டிஜிட்டல் டெஸ்க்கில் நைட் ஷிஃப்ட். எனக்கு நள்ளிரவு என்றால் அவர்களுக்கு மதியம். அதனால் அந்த வீட்டின் சாயங்காலங்கள் எல்லாமே எனக்கு போன் ஸ்கிரீனில் தெரிந்தவைதான்.

செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் அத்தானுக்கு வேலை போனது. ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால், அந்த நாளிலிருந்து 60 நாள் கணக்கு ஓட ஆரம்பிக்கும். அதற்குள் வேறு கம்பெனி கிடைத்து அவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் விசிட்டர் விசாவுக்கு மாற விண்ணப்பித்துக் கொஞ்சம் அவகாசம் தேடலாம். அதுவும் இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பிள்ளையின் ஸ்கூல், வீட்டு வாடகை ஒப்பந்தம், கார் லோன் எல்லாம் அந்த 60 நாளுக்குள் அடக்கம்.

அத்தான் ஃப்ரிட்ஜில் ஒரு காலண்டரை ஒட்டி, தினமும் ராத்திரி ஒரு நாளை அடித்துக்கொண்டே வந்தார். பையனுக்குக் காரணம் தெரியாது. ஹாலோவீனுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அப்பா தனக்காகக் கணக்குப் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டான். ஒவ்வொரு நாளும் தூங்குவதற்கு முன் பேனாவை எடுத்துக்கொண்டு வந்து, "அப்பா, இன்னிக்கு நான் அடிக்கிறேன்" என்று நிற்பான். அத்தான் அவனைத் தூக்கிப் பிடிப்பார். அவன் பெருக்கல் குறி போடுவான்.

"இந்த வருஷம் வேண்டாம்னு சொல்லிடலாமா?" என்று அக்கா என்னிடம் ஒருநாள் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே பதிலும் சொன்னாள். "அடுத்த வருஷம் இந்த ஊர்லயே இருப்போமான்னு தெரியல. அதனாலயே இந்த வருஷம் செய்யணும். ஆனா, 25-க்கு மேல ஒரு பைசா போகக் கூடாது."

அம்மாவுக்கு ஹாலோவீன் என்றால் என்னவென்றே தெரியாது. பேய் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள் என்று அக்கா சொன்னதும், அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அட, இது நம்ம குலசை தசரா மாதிரில்லா இருக்கு!"

எங்களுக்குத் திருச்செந்தூர் பக்கம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு, காப்பு கட்டி, வேஷம் போடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். காளி, ராஜா, குறத்தி, கரடி, குரங்கு, போலீஸ்காரர் என்று ஊரே வேஷத்தில் திரியும். வேஷம் கட்டியவர் வாசலில் வந்து நின்றால் சில்லறையோ ரூபாயோ போட வேண்டும். அப்படி ஊர் ஊராக வாங்கியதைக் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். தையல் மிஷினை வைத்துத்தான் எங்களை வளர்த்தவள் அம்மா. புரட்டாசி வந்தால் காளி வேஷத்துக்கான சிவப்புத் துணி எங்கள் வீட்டுத் திண்ணை முழுக்கக் கிடக்கும். 2023-ல் சூரசம்ஹாரம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை ஹாலோவீன். ஊரில் இருந்திருந்தால் கை ஓய்ந்திருக்கும் நேரம். அங்கே இருந்ததால் அம்மாவுக்குக் கை துறுதுறுவென்று இருந்தது.

அம்மா சொன்னதில் நிஜமாகவே விஷயம் இருக்கிறது. ஹாலோவீனின் வேர் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் இருந்த கெல்டிக் மக்களின் 'சாவின்' என்ற அறுவடை முடிவுத் திருநாள். பிறகு கிறிஸ்தவத்தில் நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் திருநாளானது; அதற்கு முந்தைய மாலைதான் ஹாலோவீன். நவம்பர் 2, நம் ஊர் கத்தோலிக்கர்கள் கல்லறைகளுக்குப் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுபோகும் கல்லறைத் திருநாள். இந்த நாள்களை ஒட்டி, அந்தக் கால இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகப் போவார்கள். அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பார்கள். பதிலுக்குச் சின்ன கேக் கிடைக்கும். ஆக, கையில் காசில்லாதவர்கள் அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றதும் இந்தப் பண்டிகையின் பழைய கதையில் உண்டு. எலும்புக்கூடு விற்கும் கடை எல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது.

சரி, வேஷம். பையனிடம் என்ன வேஷம் வேண்டும் என்று கேட்க அக்காவுக்குப் பயம். ஸ்பைடர்மேன் என்றால் 35 டாலர் போய்விடும். அவனோ கேட்காமலேயே சொல்லிவிட்டான். "நான் கார்பேஜ் ட்ரக்."

குப்பை லாரி! அந்த வயதுப் பையன்களுக்கு அதுதான் ஹீரோ என்று அக்கா சொன்னாள். லாரி வரும் சத்தம் கேட்டால் சாப்பாட்டை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவானாம். டிரைவர் கை காட்டிவிட்டால் அன்றைக்கு முழுக்க அதே பேச்சுதானாம்.

அம்மா என்னிடம் போனில் தனியாகப் புலம்பினாள். "ஏட்டி, நல்ல நாளும் அதுவுமா பிள்ள குப்ப லாரியா போவான்? ராஜா வேஷம் போடச் சொல்லு. நான் ஜரிகை வச்சுத் தச்சுத் தாரேன்." நான் சொல்லிப் பார்த்தேன். பையன் போனை வாங்கி, "ராஜாவுக்கு வீல் இருக்கா சித்தி?" என்று கேட்டான். அதற்குப் பதில் இல்லை.

பாப்பாவின் டயப்பர் வந்த பெரிய அட்டைப்பெட்டிதான் லாரி. மேலும் கீழும் வெட்டி எடுத்துவிட்டு, பையன் நடுவில் நிற்கிற மாதிரி வைத்தார்கள். டாலர் ட்ரீ கடையில் அப்போது பெரும்பாலான பொருள்கள் 1.25 டாலர்; அங்கே பச்சைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என இரண்டு பெயின்ட். பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய பேப்பர் தட்டுகளுக்குக் கறுப்படித்ததும் சக்கரங்கள் தயார். தயிர் டப்பா மூடிகள் ஹெட்லைட். தோளில் மாட்ட அம்மா தன் பாவாடை நாடாவை இரட்டையாக மடித்துத் தைத்துப் பெட்டியில் கோத்தாள். பின்பக்கம் இன்னொரு சின்ன அட்டைப்பெட்டியை வாய் திறந்த மாதிரி ஒட்டினார்கள். குப்பை கொட்டுகிற இடம். மிட்டாய் அதற்குள்தான் விழ வேண்டும் என்பது பையனின் கண்டிப்பான உத்தரவு. கூடுதலாக 1.25 டாலருக்கு, வெளிச்சம் பட்டால் மின்னும் டேப் ஒரு சுருள். அன்றைக்குச் சாயங்காலம் இருட்டில் தெருவெல்லாம் பிள்ளைகள் ஓடுவார்கள் என்பதால், காரோட்டிகளுக்குத் தெரிகிற மாதிரி இதை ஒட்டுவது ரொம்ப அவசியம். பெட்டியின் நான்கு பக்கமும் ஒட்டினாள் அக்கா.

முகமூடி வேண்டாம் என்பதிலும் அக்கா உறுதியாக இருந்தாள். சின்னப் பிள்ளைகள் முகமூடி போட்டால் பக்கவாட்டில் கண் தெரியாது, படியில் தடுக்கும். இன்னொன்றையும் அவள் முந்தைய வருடங்களில் கவனித்திருந்தாள். அக்டோபர் கடைசியில் அங்கே சாயங்காலம் குளிரத் தொடங்கிவிடும். 35 டாலர் கொடுத்து வாங்கிய மெல்லிய டிரஸ்ஸுக்கு மேலே ஜாக்கெட் மாட்டி, பாதிப் பிள்ளைகளின் வேஷமே வெளியே தெரியாமல் போய்விடுமாம். அட்டை லாரிக்கு அந்தப் பிரச்னை இல்லை. ஜாக்கெட் உள்ளே, லாரி வெளியே.

பாப்பாவுக்குத் தேனீ டிரஸ் ஓசியில் கிடைத்தது. 'பை நத்திங்' என்று அங்கே அக்கம்பக்கத்தார் குழுக்கள் உண்டு. 2013-ல் வாஷிங்டன் மாநிலத்தில் பெயின்பிரிட்ஜ் தீவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் தொடங்கியது. இப்போது பல நாடுகளில் இருக்கிறது. வேண்டாத பொருளைப் போடலாம், வேண்டியதைக் கேட்கலாம், காசுப் பேச்சே கிடையாது. சின்னப் பிள்ளைகளின் வேஷங்கள் அதிகபட்சம் இரண்டு மணி நேரம் போட்டவை என்பதால் பெரும்பாலும் புதுசு மாதிரியே இருக்கும். நம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் மாறுவேடப் போட்டி டிரஸ்களுக்கு இதை ஏன் செய்யக் கூடாது என்று எனக்கு ரொம்ப நாளாகவே கேள்வி உண்டு. ஒரு பாரதியார் கோட்டை ஐந்து வீடுகள் தனித்தனியாக வாங்குகின்றன!

தேனீ டிரஸ்ஸைப் பார்த்ததும் பாப்பா அழுதாள். இறக்கையைக் காட்டினால் இன்னும் சத்தமாக அழுதாள். இரண்டரை வயதுக் குழந்தைக்குக் காசு கொடுத்து வேஷம் வாங்குகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் அவளே வேஷத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள். அம்மா அங்கே எப்படி இருப்பாள் என்றால், சேலைக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் மப்ளர், காலில் சாக்ஸ், அதற்கு மேல் ரப்பர் செருப்பு. பாப்பா அந்த மப்ளரை இழுத்துத் தன் தலையில் சுற்றிக்கொண்டு, "நான் ஆச்சி" என்றாள். பழைய காட்டன் சேலையின் முந்தானைப் பக்கத்தைக் கிழித்து, ஒரு மணி நேரத்தில் அம்மா அவளுக்குக் கையாலேயே ரெடிமேட் சேலை தைத்துவிட்டாள். நெற்றியில் பெரிய பொட்டு. செலவு பூஜ்யம். வீடியோ காலில் இரண்டு ஆச்சிகளையும் பார்த்துவிட்டு நான் ஆபீஸில் சத்தமாகச் சிரித்ததில், பக்கத்து சீட்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்.

பூசணிக்காய் 5 டாலர். அயர்லாந்தில் ஒரு காலத்தில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த ஐரிஷ் மக்கள் அங்கே தாராளமாக விளைந்த பூசணிக்கு மாறினார்கள். குடைந்து கண், மூக்கு வெட்டுவதுதான் வழக்கம். அம்மா கத்தியைத் தரவில்லை. "நல்ல காயைக் குடைஞ்சு குப்பையில போடவா?" என்றாள். கறுப்புப் பெயின்ட் கொஞ்சம் மிச்சம் இருந்தது. புது வீடு கட்டும் இடங்களில் நாம் தொங்கவிடுவோமே திருஷ்டி பூசணிக்காய், அந்த முகத்தை அப்படியே வரைந்துவிட்டாள். உருட்டு விழி, முறுக்கு மீசை, வெளியே தள்ளிய நாக்கு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கத்தி வேலை இல்லாமல் போனது ஒரு நிம்மதி. குடைந்த பூசணி சில நாளிலேயே அழுகிப்போகும்; பெயின்ட் அடித்தது வாரக்கணக்கில் நிற்கும். பக்கத்தில் 1.25 டாலர் பேட்டரி மெழுகுவத்தி ஒன்று. அந்த மாடியில் அந்த மீசைப் பூசணியை போட்டோ எடுக்காமல் யாரும் தாண்டிப் போகவில்லையாம்.

மிட்டாய் ஒரு பெரிய பை 14 டாலர். வரி சேர்த்து மொத்தம் 25 டாலர் 26 சென்ட். 26 சென்ட்டை அக்கா மன்னித்துவிட்டாள்.

ஹாலோவீன் அன்று காலையில்தான் அத்தானுக்கு அந்த மெயில் வந்தது. கலிஃபோர்னியாவில் இருக்கும் ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூ. அவர்களுக்கு மதியம் 3 மணி, நியூ ஜெர்சிக்குச் சாயங்காலம் 6. மிட்டாய் வாங்கக் கிளம்பும் அதே நேரம். இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு வார்த்தை ஒழுங்காகப் பேச முடியாது. "ஏழு மணி வரைக்கும் உள்ள வராதீங்க" என்று மட்டும் அத்தான் சொன்னார். மிட்டாய்க் கிண்ணத்தை, 'இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி ஒட்டி, வாசலில் ஸ்டூல் போட்டு வைத்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு அதிகாலை 3:30. ஆபீஸில் அந்த நேரம் செய்தி குறைவு. போனை கீபோர்டின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு நானும் அவர்களோடு கிளம்பினேன்.

அங்கே ஓர் எழுதப்படாத விதி இருக்கிறது. வாசல் விளக்கு எரிந்தால் அந்த வீட்டுக்குப் போகலாம். அணைந்திருந்தால் தொந்தரவு செய்யக் கூடாது. முதல் வீட்டில் கதவு திறந்ததும் பையன் சொல்ல வேண்டிய 'ட்ரிக் ஆர் ட்ரீட்'டைச் சொல்லவில்லை. அப்படியே திரும்பி நின்று, "பீப்... பீப்... பீப்..." என்று ரிவர்ஸில் போனான். அந்த வீட்டம்மா ஒரு விநாடி முழித்துவிட்டு, புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்து, பின்பக்கப் பெட்டியில் மிட்டாயைக் கொட்டினார். உள்ளே போய்த் தன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து, இன்னொரு தடவை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். இன்னொரு தெருவில் ஒரு வயதான மனிதர், "எங்க தெருவுக்குக் குப்பை லாரி செவ்வாய்க்கிழமைதான். கரெக்டா வந்துட்ட" என்று வாட்சைப் பார்த்தார். அன்று செவ்வாய்க்கிழமைதான். பையன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தன்னை ஒரு பெரிய மனிதர் லாரியாகவே ஒப்புக்கொண்டுவிட்டார்!

பாப்பா இருபதாவது நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வாசலிலும் பெரிய ஆச்சி, சின்ன ஆச்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்து, பெரியவளும் வேஷம் போட்டிருக்கிறாள் என்று நினைத்து அம்மாவுக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கி, ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

ஆறே முக்காலுக்கெல்லாம் பிள்ளைகள் இருவருக்கும் போதும் என்றாகிவிட்டது. அக்கா மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குப் போக முடியாது. அபார்ட்மென்ட் வாசல் படிக்கட்டில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மா, குலசையில் கரடி வேஷம் கட்டிய ஒருவர் பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்ட கதையை ஆரம்பித்தாள். அந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிஷத்தில் முடிகிற கதை. அன்றைக்கு அரை மணி நேரம் ஓடியது. கரடி இறங்கவே இல்லை.

ஏழேகாலுக்கு அத்தான் கதவைத் திறந்து வெளியே வந்தார். அக்கா எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. குனிந்து லாரியின் பின்பக்கத்தைப் பார்த்து, "இன்னிக்கு லோடு அதிகமோ?" என்றார்.

மிட்டாயைத் தரையில் கொட்டிப் பிரித்தார்கள். ஜெலட்டின் சேர்த்த கம்மி வகைகள் தனியாக. அக்கா வீட்டில் அது ஆகாது. பாப்பாவின் வயதுக்குக் கடினமான உருண்டை மிட்டாய் தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு என்பதால் அதுவும் தனியாக. அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு ஊரிலிருந்து ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு. ஹாலோவீன் மிட்டாயில் விஷம் வைத்துக் கொடுப்பார்களாம். இந்த மாதிரிச் செய்திகளைச் சரிபார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு. டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதல் வந்த இப்படிப்பட்ட புகார்களைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். வீடு வீடாக மிட்டாய் வாங்கப்போன குழந்தையை, முகம் தெரியாத ஒருவர் விஷ மிட்டாய் கொடுத்துக் கொன்றதாக உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974-ல் டெக்ஸாஸில் ஒரு சிறுவன் அப்படி இறந்தான். கொடுத்தது பெற்ற அப்பா, இன்ஷூரன்ஸ் பணத்துக்காக. இதை நான் அம்மாவுக்குச் சொன்னதும் அவள் நிம்மதியாகிவிடவில்லை. "பெத்தவனேவா?" என்று இன்னும் அதிகமாகக் கலங்கிப்போனாள். சில உண்மைகளை ராத்திரி நேரத்தில் சொல்லாமல் இருப்பது நல்லது.

மறுநாள் கடைகளில் மிட்டாயெல்லாம் பாதி விலை. ஸ்பைடர்மேன் டிரஸ்ஸும் பாதி விலை. அக்கா அதை எடுத்துப் பார்த்தாளாம். அடுத்த வருடத்துக்கு என்று வாங்கி வைக்கலாம். எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாமல் எந்த சைஸ் வாங்கி என்ன செய்ய என்று திரும்ப மாட்டிவிட்டு, தள்ளுபடியில் பால் மட்டும் வாங்கி வந்தாள்.

அந்த கலிஃபோர்னியா வேலை கிடைக்கவில்லை. ஐம்பத்திரண்டாவது நாள் வேறொரு கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்தது. வட கரோலினாவில், முன்பைவிடச் சம்பளம் குறைவு. ஃப்ரிட்ஜ் காலண்டரை அத்தான் கிழித்துப் போட்டபோது, "ஹாலோவீன்தான் முடிஞ்சுபோச்சே, ஏன்ப்பா இவ்ளோ நாளா அடிச்சுட்டே இருந்தீங்க?" என்று பையன் கேட்டானாம். கிறிஸ்துமஸுக்கு என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார்.

வீடு காலி செய்யும்போது குப்பை லாரியை என்ன செய்வது என்று ஒரு பெரிய பஞ்சாயத்து. காரில் இடமில்லை. தட்டையாக மடித்துக்கொள்ளலாம் என்றாள் அக்கா. மடித்தால் அது லாரி இல்லை என்றான் பையன். பாவாடை நாடாவை மட்டும் அம்மா பிரித்து எடுத்துக்கொண்டாள். அட்டைகளை எடுத்துப்போகும் நாளன்று காலையில், அவன் தானே அதைச் சுமந்துகொண்டு போய் வாசல் ஓரம் வைத்துவிட்டு, அம்மா கையைப் பிடித்தபடி குளிரில் காத்து நின்றான். நிஜ லாரி வந்தது. டிரைவர் இறங்கி, அந்த அட்டை லாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பையனைப் பார்த்தார். பிறகு அதைச் சக்கரம் பிய்ந்துவிடாதபடி இரண்டு கையாலும் தூக்கி, உள்ளே வைத்தார்.

அன்றைக்கு ராத்திரி அம்மா எனக்கு போன் செய்தாள். "ஏட்டி, பெரிய லாரிக்குள்ள சின்ன லாரி போயிட்டு. இவன் அழுவான்னுல்லா நினைச்சேன். கை தட்டுதான்."